முதல் பயணத்திலேயே குழந்தை இருக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் குழந்தைக்கு ஆசையாய்த் தள்ளுவண்டி வாங்கும் பெற்றோர் பலர், காருக்கான குழந்தை இருக்கையைத் தள்ளிப்போடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே அது வேண்டும். மோதலில் மடிக்குழந்தையை யார் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவும் 14 வயதுக்குட்பட்டவரை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது.

குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதியான ஆர்129-இன் முத்திரை உள்ளதாகப் பாருங்கள். அந்த விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும். தலை கனம், கழுத்து இளசு. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதலின் விசை கழுத்தில் இறங்கும். ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் பின்பக்கம் பார்த்த இருக்கையை மாட்டவே கூடாது. குழந்தை இருக்கையைக் காரோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொளுவி காரில் இருக்கிறதா என்பதை வாங்குமுன் பார்த்துவிடுங்கள். மாட்டியபின் அடிப்பகுதி 2.5 செ.மீ.க்கு மேல் ஆடினால் சரியாகப் பொருந்தவில்லை. குழந்தையைப் பிணைக்கும் வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ வர வேண்டும். கிள்ளி மடிக்க முடிந்தால் தளர்வு. தடித்த போர்வை சுற்றி வார் போடாதீர்கள், தளர்வு தெரியாது.

தள்ளுவண்டியில் முதல் ஆறு மாதம் முதுகு முழுதும் படுக்கையாகச் சாய வேண்டும், அதுதான் முக்கியம். வீடு வந்ததும் தூங்கும் குழந்தையைக் கார் இருக்கையிலேயே விடாதீர்கள். தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சு தடைப்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை