குஞ்சுப் பெட்டியிலிருந்து சோதனையைத் தொடங்க வேண்டி ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்புக்கும் கால்நடை நலனுக்கும் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்களுக்கு, வணக்கம்.

போச்சம்பள்ளிப் பக்கம் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்த்து வருகிறேன். சென்ற ஆவணியில் எங்கள் உறவினர் வீட்டுக் காதுகுத்து விருந்துக்குப் பிறகு நடந்தவற்றைத் தாங்கள் அறிவீர்கள். காய்ச்சலும் பேதியுமாக மருத்துவமனைக்குப் போனவர்களில் நான்கு வயதான என் தங்கை மகளும் ஒருத்தி. ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மலப் பரிசோதனை அறிக்கையில் சால்மோனெல்லா என்னும் கிருமியின் பெயர் எழுதியிருந்தது.

குழந்தை தேறிவிட்டாள். அன்று சமைத்த அக்காதான் இன்னும் தேறவில்லை. முப்பது ஆண்டுகளாக எங்கள் சுற்றுவட்டார விசேஷங்களுக்குச் சமைத்தவர் அவர். மீந்த பிரியாணியில் மட்டும் மாதிரி எடுத்துச் சென்றார்கள். அதன் முடிவு இன்றுவரை எங்களில் யாருக்கும் சொல்லப்படவில்லை. ஊர் மட்டும் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்குப் பின் வந்த முகூர்த்தங்களில் ஒருவர்கூட அவரை அழைக்கவில்லை. கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள் அவர் வீட்டுத் திண்ணையில் அப்படியே கிடக்கின்றன. கறியின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் இந்தக் கிருமி செத்துவிடும். ஆகவே அண்டாவில் கொதித்து வெந்த பிரியாணியைவிட, பச்சைக் கறி வெட்டிய கட்டையிலேயே நறுக்கிய பச்சடி வெங்காயத்தின் மீதுதான் எனக்குச் சந்தேகம். அதில் அவருடைய கவனக்குறைவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டைக்குக் கிருமியைக் கொண்டுவந்தது கறிதானே?

கோழியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க எங்களாலும் முடியாது. வெள்ளைக்கழிச்சல் கண்டால் கோழி சோர்ந்து தலை தொங்கும். மனிதரைப் படுக்க வைக்கும் சால்மோனெல்லா வகைகள் குடலில் இருந்தாலோ, கோழி பெரும்பாலும் நன்றாகவே தின்று, எடை கூடி, நாற்பது நாளில் வண்டி ஏறிவிடும். தாய்க்கோழியின் சினைப்பையில் கிருமி இருந்தால் அது முட்டை உருவாகும்போதே உள்ளே இறங்கும். எச்சம் பட்ட ஓட்டின் வழியாகவும் நுழையும். பொரிப்பகத்தில் 21ஆம் நாள் ஓடு உடையும்போது, ஒரு குஞ்சின் ஈரத் தூவி உலர்ந்து விசிறிக் காற்றில் பறந்து, அதே இயந்திரத்தில் பொரிக்கும் மற்றக் குஞ்சுகளின் மூக்கிலும் வாயிலும் சேரும். அன்று பிறந்த குஞ்சின் குடலில் எதிர்த்து நிற்கும் நல்ல நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறியிராததால் மிகச் சில கிருமிகளே போதும். பிறகு தீவனத்தில் வாய் வைக்கும் எலி, கொட்டகைத் தரையில் விரித்து மாற்றாமல் விட்ட தென்னை நார்த்தூளான மஞ்சி, பிடிப்பதற்கு முன் தீவனம் நிறுத்திய பசியில் அதே மஞ்சியைக் கொத்தும் கோழிகள், லாரியில் மேல்கூண்டின் எச்சம் சொட்டி நனையும் கீழ்க்கூண்டு, சரியாகக் கழுவாமல் அடுத்த பண்ணைக்கு வரும் அதே கூண்டுகள், கடையில் ஒரே டிரம், ஒரே கத்தி, ஒரே வாளித் தண்ணீர் என்று இத்தனையும் கடந்துதான் ஞாயிற்றுக்கிழமைக் கறி ஒரு வீட்டுக்கு வருகிறது.

குஞ்சும் தீவனமும் மருந்தும் எங்களோடு ஒப்பந்தம் போட்ட நிறுவனம் தருபவை. கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் எங்களுடையவை. இறக்கிய குஞ்சில் கிருமி உண்டா என்று கேட்டபோது, எத்தனை குஞ்சு செத்தது என்று என்னைத்தான் திருப்பிக் கேட்டார்கள்.

எனவே என் கோரிக்கை இதுதான். தாய்க்கோழிப் பண்ணைகளிலும் பொரிப்பகங்களிலும் சால்மோனெல்லா சோதனை முறையாக நடக்க வேண்டும். குஞ்சு இறங்கும் நாளில் பெட்டியில் விரித்த தாளிலிருந்தும், கோழி பிடிப்பதற்குச் சில நாள் முன்பு கொட்டகைத் தரையிலிருந்தும் மாதிரி எடுத்து, முடிவை வளர்ப்பவருக்கு எழுத்தில் தர வேண்டும்.

இது நடக்காத காரியம் அன்று. சுவீடனில் 1953-இல் ஓர் இறைச்சிக்கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லா ஏறத்தாழ 9,000 பேரைத் தாக்கிய பிறகு, அந்த நாடு கோழிகளை அறுப்பதற்கு முன்பே சோதிக்கும் நிலைக்கு வந்தது. நம் மாநிலத்திலும் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தார்கள். நல்ல முடிவு, வரவேற்றேன். ஆனால் முட்டையும் கறியும் புறப்படும் இடத்தை விட்டுவிட்டு, அவை போய்ச்சேரும் கடைகளிலும் பந்திகளிலும் மட்டுமே எத்தனை காலம் தேடுவது? ஒவ்வொரு முறையும் மாஸ்டரோ, கறிக்கடைக்காரரோ, அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணோ பழி சுமக்கிறார்கள். சொல்லில் கடுமை கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: சோதனையைக் குஞ்சுப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பிரியாணி மாதிரியின் முடிவையும், அது எதுவாக இருந்தாலும், சமைத்த அக்காவுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். என் கொட்டகையில் அடுத்த மாதம் புதுக் குஞ்சு இறங்குகிறது. முதல் மாதிரியை அங்கேயே எடுக்கலாம். கிருமி இருப்பதாக வந்தாலும் அந்த முடிவை நான் மறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு கறிக்கோழி வளர்ப்பாளர்