பேட்டரியை மாற்றும் முன் ரெக்டிஃபையரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள் பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சின், கார்புரேட்டர், பெயின்ட் எல்லாம் விரிவாக இருந்தது, ரெக்டிஃபையரைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

என்னுடையது 1960களில் வந்த வண்டி. ஹெட்லைட் மங்கும், ஹார்ன் அடித்தால் முனகும், இரவு நிறுத்திவிட்டுக் காலையில் வந்தால் பேட்டரி காலி. பேட்டரிதான் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதை நம்பி இரண்டு முறை புதிது வாங்கிப் போட்டேன், இரண்டும் சில வாரங்களில் அதே கதிக்கு வந்தன. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது ஏசி கரண்ட் (திசை மாறி மாறி ஓடுவது), பேட்டரிக்கு வேண்டியது டிசி (ஒரே திசையில் ஓடுவது). நடுவில் நின்று மாற்றிக் கொடுக்கிற ரெக்டிஃபையர் கெட்டால் சார்ஜ் ஏறாது, அதோடு அது உள்ளே ஷார்ட் ஆகி நேராக பேட்டரியோடு இணைந்தும் இருந்தால், ஏறியதும் அதன் வழியாகவே வடிந்துவிடும். (டைனமோ உள்ள வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் கம்யூட்டேட்டர் என்கிற சுழலும் பாகமே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.)

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் பேட்டரி என்றால் 14 அருகே ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் ரெக்டிஃபையரைக் கழற்றி மல்டிமீட்டரின் டயோட் சோதனையில் பாருங்கள். அதில் இருக்கிற நான்கு டயோடும் ஒரு பக்கம் மட்டுமே கரண்டை விட வேண்டும். இரண்டு பக்கமும் விட்டால் ஷார்ட், எந்தப் பக்கமும் விடாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது.

அந்தக் காலத்து ரெக்டிஃபையர்கள் செலினியம் பூசிய தகடுகளை அடுக்கிச் செய்தவை. கழற்றும்போது தகடுகளைப் பிடித்துத் திருகாதீர்கள், உள் இணைப்பு அறுந்துவிடும். அது கருகினால் வரும் புகை நச்சு, முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். பதிலுக்கு 25 அல்லது 35 ஆம்பியர் சிலிக்கான் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்று போதும், சதுரமாக, நடுவில் ஓட்டையோடு, நான்கு முனைகளோடு வரும். மற்ற மூன்றுக்கும் குறுக்காகத் திரும்பி நிற்கிற முனை பாசிட்டிவ், அதற்கு மூலைவிட்டத்தில் எதிரே நெகட்டிவ், மீதி இரண்டும் ஆல்டர்னேட்டர் வயர்களுக்கு. சூடாகும் பொருள் என்பதால் பெயின்ட் சுரண்டிய உலோகத்தோடு அழுத்தி, வெப்பம் கடத்தும் பசை தடவி, போல்ட் போட்டு முடுக்குங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எர்த் விஷயம், அதாவது பேட்டரியின் எந்த முனை வண்டியின் உலோகச் சட்டத்தோடு (சேஸிஸ்) இணைகிறது என்பது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் சேஸிஸுக்குப் போகும். இன்றைய வண்டிகளைப் பார்த்தே பழகிய கைகள் யோசிக்காமல் நெகட்டிவை எர்த் செய்துவிடுகின்றன, பேட்டரியை மாட்டிய மறுநொடியே புது ரெக்டிஃபையர் போய்விடுகிறது, ஃப்யூஸ் இல்லாத வண்டியில் வயரிங்கே எரிந்துபோகலாம். எனவே வேலையைத் தொடங்கும்போதே பேட்டரியைக் கழற்றிவிட்டு, எந்த முனை எர்த்துக்குப் போகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்யூஸ் இல்லையென்றால் அப்போதே ஒன்று சேர்த்துவிடுங்கள், இதில் சோம்பல் கூடவே கூடாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் இதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள், என்னைப் போல வீணாகப் பேட்டரி வாங்குகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்