சின்ன ஆபீஸ்களின் பழைய சர்வர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பற்றிப் பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் பாஸ்வேர்டைக் கடினமாக வையுங்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்றுதான் எழுதுகிறீர்கள். சரி, அதுவும் வேண்டியதுதான். ஆனால் கோவையில் சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆடிட்டர் ஆபீஸிலும் பவுண்டரியிலும் மேசைக்கு அடியில் தூசி படிந்து ஓடிக்கொண்டிருக்கிற சர்வருக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதே இல்லை. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியே முடிந்துவிட்டது. பணம் கட்டி வாங்கும் கூடுதல் அப்டேட்டும் 2026 அக்டோபர் 13 வரைதான். 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 கடைசி. "நல்லாத்தானே ஓடுது" என்பார் முதலாளி. ஓடத்தான் செய்யும். ஆதரவு முடிந்த பதிப்பில் புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டைகளை இனி அடைக்க ஆள் இல்லை, பயம் அதுதான்.

மாற்றலாம் என்று முடிவெடுத்த பிறகாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால், டீலர் இருப்பதிலேயே புதிய 2025 பதிப்பைப் போட்ட மெஷினை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார். அதை, ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் லாகின்களையும் ஒரே குழுவாக (டொமைன்) நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலராகச் சேர்க்க உட்கார்ந்தால் ஏற்க மறுக்கிறது. டொமைனின் ஃபங்ஷனல் லெவல் (எந்தப் பதிப்பின் வசதிகளோடு டொமைன் ஓடுகிறது என்ற அளவு) குறைந்தது 2016 ஆக இருந்தால்தான் 2025 சேரும், பழைய 2012 ஆர்2 கன்ட்ரோலர் உள்ளே இருக்கும்வரை அந்த லெவலை உயர்த்தவும் முடியாது. வாங்கிய லைசென்ஸிலேயே முந்தைய பதிப்பைப் போட்டுக்கொள்ள உரிமை உண்டு. 2022-ஐப் போட்டு வேலையை முடிக்கலாம், சின்ன ஆபீஸுக்கு அதுவே தாராளம். 2003 காலத்தில் ஆரம்பித்த டொமைன் என்றால் இன்னொரு முடிச்சும் இருக்கும்: டொமைன் விதிகள் இருக்கும் சிஸ்வால் ஃபோல்டர் கன்ட்ரோலர்களுக்கிடையே இன்னும் பழைய எஃப்ஆர்எஸ் முறையிலேயே நகலாகிக்கொண்டிருந்தால், முதலில் டிஎஃப்எஸ்ஆர் என்ற புதிய முறைக்கு மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் 2022-உம் கன்ட்ரோலராகச் சேராது. பில்லில் சிஏஎல் (சர்வரைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் அல்லது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வேண்டிய லைசென்ஸ்) இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய பதிப்புக்கும் உரிமை தரும் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் திட்டம் எடுத்திருந்தாலொழிய பழைய பதிப்புக்கு வாங்கிய சிஏஎல் புதிய சர்வருக்குச் செல்லாது. விலை பேசும்போது இதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

பழைய மெஷினிலேயே மேலே ஏற்றி அப்கிரேடு செய்வது எனக்கு உடன்பாடு இல்லை, அதுவும் டொமைன் கன்ட்ரோலரில் வேண்டவே வேண்டாம். புதியதைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே கன்ட்ரோலர் மட்டும் வகிக்கக்கூடிய ஐந்து எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளையும் புதியதற்கு மாற்றி, டாலி டேட்டாவையும் ஃபோல்டர்களையும் அனுமதிகளோடு நகர்த்தி, அப்புறம் பழையதைக் கன்ட்ரோலர் பொறுப்பிலிருந்து இறக்குவதற்கு (டிமோட்) முன்னால் ஒரு வேலை நாளில் அதைச் சும்மா ஆஃப் செய்து பாருங்கள். யார் கத்துகிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும்.

முதலில் கத்துவது, என்றோ யாரோ கையால் டிஎன்எஸ் (பெயரை வைத்து சர்வரைக் கண்டுபிடிக்கும் வசதி) முகவரி அடித்துவிட்டுப் போன கம்ப்யூட்டர்கள். முகவரிகளைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபியை எவ்வளவு திருத்தினாலும் அவை பழைய சர்வரையேதான் தேடும், லாகின் ஆகவே பத்து நிமிடம் சுற்றும். அடுத்தது மூலையில் இருக்கும் பெரிய காப்பியர். அக்கவுண்டன்ட் அம்மா பில்களை அடுக்கி ஸ்கேன் பட்டனை அமுக்குவார், சர்வர் ஃபோல்டரில் வந்து விழ வேண்டிய பிடிஎஃப் வராது, மெஷினின் சின்னத் திரையில் கனெக்‌ஷன் எரர் என்று மட்டும் காட்டும். காரணம், பழைய காப்பியர்களில் பலவற்றுக்கு ஃபோல்டர் பகிர்வுக்கான பழைய முறையான எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும், சர்வர் 2019-இலிருந்து அது தானாக இன்ஸ்டால் ஆவதில்லை. அவசரத்துக்கு அதைப் புது சர்வரில் ஆன் செய்து கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்த வழி எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டைதான். அதற்கான பேட்ச் மார்ச் மாதமே வந்திருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். லட்சக்கணக்கில் செலவழித்து சர்வரை மாற்றிவிட்டு இதைத் திறந்துவைப்பது வீட்டுக்குப் புதுக்கதவு போட்டுவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பது மாதிரி. காப்பியருக்குப் புது ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள்.

ஐந்தாறு சிஸ்டம், ஒரு டாலி, ஒரு ஷேர் ஃபோல்டர், அவ்வளவுதான் என்கிற இடத்துக்கு டொமைனே எதற்கு? நல்ல நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் ஸ்டோரேஜ் பெட்டி) ஒன்றும், ஆபீஸுக்கு வெளியே ஒரு பேக்கப்பும் போதும். இதைச் சொன்னால் டீலர்கள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள், பரவாயில்லை.

ஆடிட்டர் ஆபீஸில் எந்த வாரம் செய்வது என்பதும் சிக்கல்தான். மாதாமாதம் 7-ஆம் தேதி டிடிஎஸ் வரி கட்ட, 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள் போடக் கடைசி நாள். 20 தாண்டி வருகிற சனி ஞாயிறுதான் வசதி. வரித் தணிக்கை வேலை குவிகிற செப்டம்பர், அக்டோபர் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

ரான்சம்வேர் செய்தி போடுகிற அன்று, எந்த சர்வர் பதிப்புக்கு எந்தத் தேதியோடு ஆதரவு முடிகிறது என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியும் சேர்த்துப் போடுங்கள் சார். நான் பத்து தடவை சொன்னாலும் கேட்காத முதலாளிகள் பேப்பரில் பார்த்தால் போன் செய்வார்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பு செய்யும் ஒரு வாசகர்,
கோவை