ஆலை நிர்வாகத்துக்கு: தீபாவளியை எங்களைக் கேட்காமல் நகர்த்தாதீர்கள்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கும் அலுவலகத்தாருக்கும்,

வணக்கம். மலேசியாவில் குளுவாங் பக்கம் உங்கள் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனோடு நிற்கும் தமிழ்நாட்டுக்காரன் ஒருவன் எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும், அறிவிப்பில் கையெழுத்து உங்களுடையதுதான். அக்டோபர் 20 தீபாவளி விடுப்பு நவம்பர் 4-க்குப் போனது. அப்புறம் அதுவும் 12-க்குப் போனது. இரண்டாவது தாளை ஒட்டியது 3-ஆம் தேதி சாயங்காலம்.

பழம் காத்திருக்காது என்பீர்கள். சரி. குலையை வெட்டி ஒரு நாளுக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், அக்டோபரில் லோரிகள் வாசல்வரை வரிசையில் நிற்கும், எல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆட்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து விடுப்புக் கொடுத்திருக்கலாமே? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

தீபாவளியன்று காலை என்ன ஆனது என்று சொல்கிறேன். ஊர் நேரம் இங்கிருந்து இரண்டரை மணி பின்னால். அங்கே ஐந்து மணிக்கு எண்ணெய்க் குளியல், ஆறு மணிக்கு முதல் வெடி. இங்கே அது எட்டரை. நாங்கள் ஏழு மணிக்கே கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறோம். பன்னிரண்டரைக்குச் சாப்பிட வந்து எடுத்தால் பதினோரு அழைப்பு. அப்பா பார்க்காமல் புதுப்பாவாடை கட்ட மாட்டேன் என்று மகள் பத்து மணிவரை பழைய துணியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாளாம். நவம்பர் 12 புதன்கிழமை நீங்கள் எனக்குத் தீபாவளி கொடுத்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் துணி துவைத்தேன்.

சட்டம் பேச வரவில்லை, ஆனாலும் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வருடத்தில் 11 பொது விடுமுறை, அதில் ஐந்தை யாராலும் மாற்ற முடியாது. மீதி ஆறை மாற்றலாம், ஆனால் தொழிலாளியின் சம்மதத்தோடு. அந்த ஆறு எவை என்று வருடம் பிறக்கும் முன்பே எழுதி ஒட்டவும் வேண்டும். மலாய்த் தாளை நீட்டி ‘இங்கே சைன் பண்ணு’ என்றால் அதற்குப் பெயர் சம்மதமா? விடுமுறையன்று வேலை வாங்கினால் அந்த நாள் சம்பளம் போக இன்னும் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும், அந்த விடுமுறை நாளையே நகர்த்திவிட்டால் தர வேண்டியதில்லை என்ற கணக்கும் எங்களுக்குப் புரிகிறது, ஐயா. படிக்காதவர்கள் நாங்கள் இல்லை.

ஜொகூர் மாநிலமே 2014-இல் வார விடுமுறையை வெள்ளி சனிக்கு மாற்றி, 2025 ஜனவரி 1-இல் மறுபடி சனி ஞாயிறுக்குக் கொண்டுவந்தது. அதையே முன்கூட்டிச் சொல்லித்தான் செய்தார்கள். நம் ஆலை அறிவிப்புப் பலகைக்கு மட்டும் அந்த வழக்கம் இல்லை. நாள்காட்டி என்ன, கொதிகலன் வால்வா, நினைத்தபோது திருப்ப? சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் இரண்டிரண்டு நாள் ஆலை நின்றதே... வேண்டாம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: தீபாவளியை எங்களைக் கேட்காமல் நகர்த்தாதீர்கள். வேறு எந்த நாளை மாற்றுவதானாலும் இரண்டு வாரம் முன்னால், தமிழிலும் எழுதி ஒட்டுங்கள்.

2026 பட்டியலைத் தயவுசெய்து டிசம்பர் 15-க்குள் போட்டுவிடுங்கள். தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிறு. என் அறைக்காரர் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறார். 48 நாள் விரதம் என்றால் அன்றைக்கே மாலை போட வேண்டும், அந்த ஞாயிறு அவருக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
காலை ஷிப்ட், கொதிகலன் பகுதி