பதினெட்டு அங்குலம் வேண்டாம் ரமணி

அன்புள்ள ரமணி,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பெரியவளுக்கு பிளஸ் டூ பரீட்சை. அது முடிகிற வரை வீட்டில் டிவிக்கும் தடை, என் லேப்டாப்புக்கும் தடை. நேற்றுதான் விடுதலை. அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி எல்லாரும் நலம்.

கடைசியில் மஸ்டாவின் குட்டி ஸ்போர்ட்ஸ் கார் எம்எக்ஸ்-5 வாங்கியே விட்டாய்! வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன். ஹாஸ்டல் சுவரில் நீ ஒட்டி வைத்திருந்த அதே வண்டி, இன்று உன் வீட்டு வாசலில். அதுவும் இரண்டு லிட்டர், மேனுவல். போட்டோவைத் தம்பி மகனிடம் காட்டினேன், "மாமா ஊருக்கு வரும்போது கொண்டு வருவாரா" என்கிறான்.

இனி நீ கேட்ட விஷயம். இப்போதுள்ள 17 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 18 அங்குலம் போடலாமா என்கிறாய். வீலில் ஒரு கிலோ குறைத்தால் பாடியில் பத்துக் கிலோ குறைத்த மாதிரி என்று அந்தக் கடைக்காரர் சொன்னாராமே. இத்தனை வருடமாக அலாய் வீல் வார்த்தே பிழைக்கிறவனிடம் வந்து கேட்கிறாய், முழுசாகக் கேட்டுக்கொள்.

பத்து மடங்கு என்பது கதை. சக்கரம் இரண்டு வேலை செய்கிறது: வண்டியோடு முன்னே போகிறது, தன்னைத்தானே சுற்றவும் செய்கிறது. இரண்டுக்கும் இன்ஜின்தான் உழைக்க வேண்டும். எடை முழுக்க டயரின் வெளி விளிம்பிலேயே இருந்தால்கூட ஒரு கிலோ இரண்டு கிலோவாகக் கணக்கில் வரும், அதற்கு மேல் போகவே முடியாது. உன் 205/45 ஆர்17 டயரின் ஆரம் சுமார் 308 மில்லிமீட்டர், ரிம்மின் ஆரம் சுமார் 216. சுற்றுவதற்கான பங்கு இந்த விகிதத்தின் வர்க்கம், அது பாதிதான். முன்னே போக ஒன்று, சுற்ற அரை, ஆக வீலில் உள்ள ஒரு கிலோ அதிகபட்சம் ஒன்றரைக் கிலோ. ஹப் பக்கம், அதாவது நடு மையத்தில், இருக்கிற உலோகத்தையும் சேர்த்தால் அதுகூட இல்லை. டயரின் ஒரு கிலோ அப்படியில்லை. ரப்பரும் ஸ்டீல் பெல்ட்டும் வெளி ஓரத்தில் சுற்றுவதால் 1.8 வரை வரும். கோவில் திருவிழா ராட்டினத்தில் நடுக்கம்பத்தை ஒட்டி உட்கார்ந்தவனையும் ஓரத்தில் தொங்குகிறவனையும் நினைத்துக்கொள்.

நாலு வீலிலும் இரண்டிரண்டு கிலோ குறைத்தாய் என்று வை. எட்டுக் கிலோ. ஒன்றரையால் பெருக்கினால் பன்னிரண்டு. நீ உட்கார்ந்தால் வண்டி ஆயிரத்து நூறைத் தாண்டும் (உன் எடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை). ஒரு சதவீதம். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏழு விநாடி ஆகிற வண்டிக்கு 0.07 விநாடி மிச்சம். கியர் மாற்றும்போது உன் கை அதைவிட அதிகம் தவறவிடும்.

அப்படியானால் இலேசான வீலுக்கு ஏன் இத்தனை பேர் அலைகிறார்கள்? ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடைக்காக. வீல், டயர், டிஸ்க், காலிப்பர், ஹப் எல்லாம் சேர்த்து மூலைக்கு முப்பது, முப்பத்தைந்து கிலோ என்று வைத்துக்கொள். அதில் இரண்டு கிலோ போனால் ஆறு, ஏழு சதவீதம். இது பெரிய விஷயம். ரோட்டில் ஒரு மேடு வந்தால் சக்கரம் எகிறுகிறது, அதைத் திரும்பக் கீழே அழுத்தி அடக்குவது ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்தான்). எகிறும் எடை குறைந்தால் டயர் சீக்கிரம் தரையைப் பிடிக்கும். வளைவின் நடுவில் ஒட்டுப்போட்ட தார் வந்தாலும் பின்பக்கம் பக்கவாட்டில் துள்ளாது. ஸ்டியரிங் கையில் தெளிவாகப் பேசும். ஸ்டாப்வாட்சில் தெரியாதது உள்ளங்கையில் தெரியும்.

இதனால்தான் 18 அங்குலம் வேண்டாம் என்கிறேன். மலிவான 18 அங்குல வார்ப்பு வீல் ஒன்பது, பத்துக் கிலோ இருக்கும். உன் கம்பெனி 17ஐவிடக் கட்டாயம் கனம். ரிம்மின் உலோகமும் மையத்தை விட்டு இன்னும் வெளியே போகிறது. ஒரு அமெரிக்க கார் பத்திரிகை 2010இல் ஒரே கோல்ஃப் காரில் 15 அங்குலத்திலிருந்து 19 வரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. மணிக்கு 60 மைல் தொட 7.6 விநாடி ஆனது 7.9 ஆயிற்று, மைலேஜும் பத்து சதவீதம் போல விழுந்தது. காசு கொடுத்து மெதுவாவதா? உன் வண்டியைச் செய்தவர்கள் எடைக்காகப் பிசினாறித்தனம் பண்ணியவர்கள். முந்தைய மாடலில் வீலுக்கு ஐந்து நட்டு, உன்னுடையதில் எண்ணிப் பார், நாலுதான். அவர்கள் உழைப்பில் நீ மண்ணைப் போடாதே.

எங்கள் பட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அப்போதுதான் விலை வித்தியாசம் புரியும். சாதாரண வீல் லோ பிரஷர் காஸ்டிங். 700 டிகிரியை ஒட்டிய அலுமினியக் குழம்பு, உலையிலிருந்து குழாய் வழியாக மேலேறி டையை, அதாவது அச்சை, நிரப்பும். எங்கே உலோகம் கடைசியாக உறைகிறதோ அங்கே ஊசித்துளை விழும். அதற்குப் பயந்தே ஸ்போக் வேர்களைத் தடிமனாக வைக்கிறோம், கனம் அங்கேதான் ஏறுகிறது. ஃப்ளோ ஃபார்மிங்கில் வார்த்த வீலைச் சூடாக்கிச் சுழலவிட்டு உருளைகளால் பீப்பாய்ப் பகுதியை அழுத்தி நீட்டுவார்கள். சுவர் மெலிந்தாலும் வலு கூடும். ஃபோர்ஜிங், அதாவது உருக்காமல் கட்டி உலோகத்தையே அழுத்தி வடிப்பது, ராஜா வீட்டுப் பிள்ளை. ஜப்பானின் ரேஸ் கம்பெனி அப்படிச் செய்து 1996இல் வந்த டிஇ37 வீல் 15 அங்குலத்தில் 3.7 கிலோதான், இன்றும் அதற்கு மவுசு குறையவில்லை.

இம்பாக்ட் டெஸ்ட்டை நீ நேரில் பார்க்க வேண்டும். டயர் மாட்டிய வீலை 13 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்து, 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து ரிம் விளிம்பில் எடைக்கட்டியைப் போடுவோம். 500 கிலோ சுமைக்கான வீல் என்றால் கட்டி 480 கிலோ. தரையே அதிரும். ரிம் நெளியலாம், பரவாயில்லை. ஸ்போக் பிளக்கக் கூடாது, ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுக்க இறங்கவும் கூடாது. ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் நகல் வீல்கள் இந்த அடியை வாங்கியிருக்கின்றனவா என்று யாருக்குத் தெரியும்? ஜேடபிள்யூஎல் (ஜப்பானிய அலாய் வீல் தரம்) முத்திரை இல்லாத இலேசான வீலைத் தொடவே தொடாதே. எடை குறைவு என்று மகிழ்கிற இடத்தில்தான் பிளக்கும்.

கார்பன் ஃபைபர் பக்கம் உனக்கு ஆசை போகும், தெரியும். அந்த வீல் செய்யும் ஆஸ்திரேலியக் கம்பெனி கார்பன் ரெவல்யூஷன் உன் பக்கத்து ஊர் ஜீலாங்கில்தானே இருக்கிறது! ஃபோர்டு ஷெல்பி ஜிடி350ஆருக்கு அவர்கள் கொடுத்த வீல் சுமார் எட்டுக் கிலோ, அதே அளவு அலுமினியத்தில் பதினைந்து. ஏழு கிலோ வித்தியாசம் என்றால் நானே வாயை மூடிக்கொள்வேன். ஆனால் அது பெரிய வண்டி, பெரிய வீல். உன் குட்டி வண்டியில் குறைக்க அவ்வளவு எடையே கிடையாது.

நான் உன் இடத்தில் இருந்தால் முதல் காசு டயருக்கு. ஒரே அளவில் பிராண்டுக்குப் பிராண்டு ஒரு கிலோகூட வித்தியாசம் வரும், பிடிப்பு வித்தியாசமோ அதைவிடப் பெரிது. பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் டிராக் நாளுக்கு வின்டன் போகிறாய் என்றால் பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் அடுத்து. அதற்கப்புறமும் பணம் அரித்தால் ஃப்ளோ ஃபார்மிங் 17, இல்லை தைரியமாக 16. ஈடி (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி என்கிற மில்லிமீட்டர் கணக்கு) 45ஐ ஒட்டியே வாங்கு, வீலின் நடுவில் ஹப் நுழையும் துளை 54.1 மில்லிமீட்டர். துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் நூறில் ஸ்டியரிங் நடுங்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீலைக் கழற்றிக் கட்டிக்கொண்டு பாத்ரூம் தராசில் ஏறு, உன் எடையைக் கழித்து எனக்கு எழுது. டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதையும் போட்டோ எடுத்து அனுப்பு. பழைய வண்டி வாங்குகிறவன் அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும், நீ பார்த்திருக்க மாட்டாய்.

கலாவையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்