போகப் பத்து மணி நேரம், திரும்பப் பன்னிரண்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இத்தனை நாள் செல்போன் திரையில் மட்டுமே பார்த்த பேத்தியை ஜனவரியில் நேரில் பார்க்கப் போகிறாய் என்று படித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. சரி, விடுப்பு எழுதிக் கொடுத்துவிடாதே, கொஞ்சம் பொறு. டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் பத்து மணி நேரம், திரும்பவும் அதே பத்து, ஞாயிறு மதியம் அங்கே ஏறினால் திங்கள் காலை வேலைக்கு வந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கணக்கு தப்பு.

தூரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், சுமார் 8,800 கிலோமீட்டர். ஆனால் விமானம் பறக்கும் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். நான் போனபோது முன் இருக்கைத் திரையில் வேகம் 1,080 என்று இருந்தது. திரும்பும்போது பல மணி நேரம் 800-ஐ எட்டவே இல்லை. காற்றுக்குள் விமானத்தின் வேகம் இரண்டு முறையும் கிட்டத்தட்ட 900தான். போகும்போது ஆறு தள்ளிவிட்டது, வரும்போது எதிர்நீச்சல். அதனால் திரும்பப் பன்னிரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்.

இந்தக் காற்றை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பான்காரர்தான், வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி. 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைக் கருவி வழியே பார்த்துக் குறித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். வெளியே யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1944-இல் ஜப்பான் மேல் பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் சிக்கித் திண்டாடின. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

விமானம் ஏன் பசிபிக்கில் நேராகப் போகாமல் வடக்கே வளைகிறது என்று கேட்டிருந்தாய். ஓர் உலக உருண்டையில் இரண்டு ஊரையும் நூலால் இழுத்துப் பிடித்துப் பார். இரண்டும் 35 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருந்தாலும், நூல் நடுவில் 48 டிகிரி வரை ஏறி, அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளுக்குக் கொஞ்சம் கீழே போகும். அதுதான் குறுக்கு வழி. தட்டையான வரைபடத்தில் நேர்கோடாகத் தெரியும் பாதை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் சுற்று. திரும்பும்போது எதிர்காற்றுக்குத் தப்ப இன்னும் வடக்கே போனாலும் போவார்கள். பயப்படாதே.

அப்புறம் தேதிக்கோடு, அதாவது பசிபிக்கின் நடுவே தேதி மாறும் கோடு. மாலை 5 மணிக்கு டோக்கியோவில் ஏறினால் அதே நாள் காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இறங்குவாய். பேத்தியோடு ஒரு பகல் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஞாயிறு மதியம் அங்கே கிளம்பினால் டோக்கியோவில் திங்கள் மாலை 5 ஆகிவிடும். சனிக்கிழமை மதிய விமானம் பார். ஞாயிறு இரவு வீட்டில் நன்றாகத் தூங்கலாம்.

போகும்போது மணிக்கொரு தரம் எழுந்து நட, உன் முழங்கால் எனக்குத் தெரியும். பேத்தி உன்னைப் பார்த்ததும் என்ன செய்தாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்