சீட்டுக்கட்டு கணக்க எடுக்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, பத்தாம் வகுப்பு கணக்கு புக்குல நிகழ்தகவு பாடத்துல 52 சீட்டுல இருந்து ஒண்ணு எடுத்தான்னு வர்ற கேள்விங்க பிள்ளைங்கள சூதாட்டத்துக்கு இழுக்குது, எடுத்துடணும்னு. நான் வாத்தியார் இல்ல, குலசேகரத்துல ரப்பர் ஷீட் வியாபாரம், ஆனா எடுக்கக்கூடாதுன்னுதான் சொல்லுவேன்.

நம்ம பக்கம் இருபத்தெட்டுங்கிற சீட்டாட்டம் ஆடத் தெரியாத ஆம்பளைங்க கொறவு. 32 சீட்டுதான், துருப்பு எத்தன வெளிய வந்தாச்சு, ஒம்பது யாரு கையில கெடக்குன்னு எங்க அப்பா பீடிய பத்த வச்சுக்கிட்டே சொல்லுவாரு, அவரு பள்ளிக்கூடம் போனது அஞ்சாப்பு வரைக்கும். அதனால நமக்கு எண்ணத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா எண்ணத் தெரிஞ்சா போதாதுன்னு இந்த கிறிஸ்மஸ் லீவுலதான் கண்ணால பார்த்தேன்.

எங்க அக்கா மவன் கல்ஃப்ல வேல, அங்க ரூம்ல உள்ளவங்ககிட்ட போக்கர் கத்துட்டு வந்திருந்தான். காசு வேண்டாம்லே புளியங்கொட்டை வச்சு ஆடுவோம்னு உக்காந்தோம். ஆளுக்கு 2 சீட்டு கையில, நடுவுல மொதல்ல 3, பெறவு ஒண்ணு, பெறவு இன்னொண்ணு விரிப்பாங்க, ஒவ்வொரு தடவையும் பந்தயம் உண்டு. அவன் கையில ரெண்டு ஆட்டின், நடுவுல விரிச்ச மொத மூணுலயும் ரெண்டு ஆட்டின், இன்னும் ஒரே ஒரு ஆட்டின் விழுந்தா அஞ்சும் ஒரே ஜாதி, அதுக்குப் பேரு ஃப்ளஷ், அது விழுந்தா கிட்டத்தட்ட ஜெயிச்ச மாதிரிதான். நடுவுல 20 கொட்டை கெடந்தது, நான் 10 வச்சேன், இப்ப 30. அவனும் 10 வைக்கணும், இல்ல சீட்ட கமத்தணும். உடனே வச்சுட்டான். ஏம்லேன்னு கேட்டா "35 சதவீதம் சான்ஸ் இருக்கு மாமா"ங்கான்.

35 சரிதான், ஆனா அது மிச்ச ரெண்டு சீட்டையும் பார்த்தா வர்ற கணக்கு. அவன் 10 கொட்டை குடுத்து வாங்குனது ஒரு சீட்டத்தான். 13ல 4 போக மிச்ச ஆட்டின் 9, 52ல அவன் பாத்த 5 போக பாக்காத சீட்டு 47, ஆக 19 சதவீதம்தான் வருது, அடுத்த சீட்டுக்கு நான் திரும்ப வைப்பேன், அவன் திரும்ப குடுக்கணும். இதே மாதிரி 47 தடவ ஆடுனா 9 தடவ 30 கெடைக்கும், அது 270, பாக்கி 38 தடவ பத்து பத்தா போவும், அது 380, ஆக 110 கொட்டை நஷ்டம். இதே எடத்துல 30க்கு பதில் 50 கெடந்து 10 கேட்டா 450 வரும், 380 போவும், கண்ண மூடிட்டு வைக்கலாம். சீட்டு மாறல, சான்ஸ் மாறல, விலை மாறிப்போச்சு. ஷீட் நல்லா காஞ்சிருக்கான்னு மட்டும் பார்த்துட்டு என்ன விலைக்குன்னு கேக்காம எடுத்தா நான் எப்பவோ கடைய சாத்தியிருப்பேன்.

அதுக்கு அவன், அடிச்சுட்டா பெறவு நீங்க இன்னும் கொட்டை வைப்பீங்கல்லான்னான். நல்ல கேள்விதான், அப்படியும் ஒரு கணக்கு உண்டு, ஆனா நடுவுல மூணு ஆட்டின் மல்லாந்து கெடக்குறத பார்த்த பெறவும் வைக்கதுக்கு எனக்கு கண்ணு தெரியாதா என்ன.

அவன் எடக்கா இன்னொண்ணும் கேட்டான், உங்க கையிலயே ரெண்டு ஆட்டின் இருந்தா 9ன்னு எப்படி எண்ணுறதுன்னு. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், என் கையில கெடந்தா என்ன, கட்டுக்கு அடியில கெடந்தா என்ன, ரெண்டையும் அவன் பாக்கல, அதனால 47லயும் சேத்துதான் எண்ணணும். அவனுக்கு இது மண்டைக்குள்ள ஏற ஒரு கட்டஞ்சாயா ஆச்சு. மூணு தடவ வரல மாமா, இந்த தடவ வந்தே தீரும்னான் பாருங்க, அங்கதான் எனக்கு எரிச்சல் வந்தது. கலைச்சு வெட்டுன கட்டுல போன ஆட்டத்துக்கு என்ன வேல? களியக்காவிளை தாண்டி கேரளாவுல பாறசாலைல போய் லாட்டரி எடுக்குறவங்களும் இதே பாட்டுதான், ஒத்த நம்பர்ல போச்சு, அடுத்தது நமக்குத்தான்னு. தமிழ்நாட்டுல லாட்டரிய 2003லயே நிறுத்துனாங்க, பஸ் ஏறிப் போய் எடுக்குறத யாரு நிறுத்த?

ரம்மியும் போக்கரும் திறமைன்னு 2023ல மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிச்சு, திறமையோ அதிர்ஷ்டமோ காசு வச்சு ஆன்லைன்ல ஆடக்கூடாதுன்னு 2025ல டெல்லில சட்டமே வந்தாச்சு. நல்லதுதான், நான் அதுக்கு எதிரி இல்ல. ஆனா அந்த வாசகர் ஒண்ண மறந்துட்டாரு, இந்த நிகழ்தகவு கணக்கே பாதியில நின்ன ஒரு பந்தய ஆட்டத்துல பணத்த எப்படி பிரிக்கதுன்னு 1654ல பாஸ்கல், ஃபெர்மான்னு ரெண்டு பிரெஞ்சு கணக்கு மேதைங்க லெட்டர் எழுதிக்கிட்டதுல இருந்துதான் வளந்தது. சீட்ட எடுத்துட்டு பலூனும் பந்தும் வச்சா பிள்ளைங்க பாஸாவும், செல்லுல எவனாவது 100 போட்டா 1000ன்னு காட்டுனா கணக்கு போடத் தெரியாது.

என்ன கேட்டா அந்தப் பாடத்துல இன்னும் ஒரு கேள்வி சேக்கணும். பாக்காத சீட்டு 47, வேண்டியது 9, நடுவுல 30 புளியங்கொட்டை, உள்ள வர 10 கேக்குறான், குடுக்கலாமா வேண்டாமா, காரணத்தோட எழுது, 5 மார்க்.

இப்படிக்கு,
ரப்பர் ஷீட் வியாபாரி ஒருத்தர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.